நம் கடலிலும் ஒரு சுரங்கம் இருந்தது

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவன் ஒருவன் கத்தாரிலிருந்து பேசினான். அங்கே கனரக வாகனம் ஓட்டுகிறான். நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"சார், மேற்கு ஆப்பிரிக்காவுல கினின்னு ஒரு நாடு. அங்க ஒரு சுரங்கத்துல டம்பர் ஓட்டுற வேலை வந்திருக்கு. இங்க வாங்குறத விட ஒண்ணரை மடங்கு சம்பளம். நீங்கதானே எங்களுக்குப் பூகோளம் எடுத்தீங்க. அந்த ஊரு எப்படி சார்?"

ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆன பிறகும் ஒரு மாணவன் பாடம் கேட்டு போன் செய்தால் எந்த வாத்தியாருக்குத்தான் சந்தோஷம் வராது? தெரிந்ததைச் சொன்னேன். 1958இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற நாடு. தலைநகரம் கொனாக்ரி. அலுமினியம் எடுக்கப் பயன்படும் பாக்சைட் தாது உலகத்திலேயே அதிகம் இருப்பது அங்கேதான். 1973 முதல் காம்சார் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகத் தாது வெளியே போகிறது. இரும்புத் தாது, தங்கம், வைரமும் உண்டு. பூமிக்கு அடியில் அவ்வளவு இருந்தும் மக்களில் பெரும்பாலோர் ஏழைகள். பாக்சைட் வெட்டும் போக்கே பகுதியில் 2017இல் பெரிய கலவரம் நடந்தது. ஜனங்கள் கேட்டது மின்சாரமும் தண்ணீரும். வீட்டு வாசல் வழியாகத் தாது லாரி ஓடுகிறது, வீட்டுக்குள் விளக்கு எரியவில்லை என்பதுதான் அவர்கள் கோபம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "நல்ல வேளை சார், நம்ம ஊர்ல மண்ணுக்கடியில ஒண்ணும் கிடையாது. அதனால அந்தப் பிரச்சினையும் கிடையாது."

நானும் "ஆமாம்ப்பா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. நான் சொன்ன பதில் தப்பு. நம் ஊரிலும் சுரங்கம் இருந்தது. மண்ணுக்கடியில் இல்லை, கடலுக்குள் இருந்தது. அந்தப் பையனின் தாத்தாவே அதில் கல் எடுத்தவர்தான். பேரனுக்கு அது தெரியாமல் போனதில் வாத்தியாரான எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இந்தப் பதிவு.

பவளப்பாறையைப் பற்றிச் சொல்கிறேன்.

பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன என்று பாடத்தில் படித்திருப்போம். சிங்கில், குருசடை, பூமரிச்சான், மனோலி, முயல் தீவு, முள்ளி, தலையாரி, அப்பா, நல்லதண்ணி, உப்புத்தண்ணி, வான் தீவு என்று வரிசையாகப் போகும். இந்தத் தீவுகளைச் சுற்றி ஆழம் குறைந்த இடங்களில் இருப்பது பவளப்பாறை. நம் மீனவர்கள் பார் என்று சொல்வார்கள். நகைக்கடையில் விற்கும் சிவப்புப் பவளம் வேறு. இது வெள்ளையும் பழுப்புமாக இருக்கும் சுண்ணாம்புப் பாறை. கோடிக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் கடல்நீரிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தங்களுக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. பழைய வீட்டின் மேல் புது வீடு, அதன் மேல் இன்னொன்று. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக எழும்பியதுதான் பார். உருண்டையாக வளரும் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். ஒரு முழ உயரக் கல்லுக்கு ஏறக்குறைய ஐம்பது வருட வயது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நம் முன்னோரும் இந்தக் கல்லை எடுத்திருக்கிறார்கள். கீழக்கரை, பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் பழைய மதில்களின் காரை உதிர்ந்த இடத்தில் உற்றுப் பாருங்கள். தேன்கூடு மாதிரி, மூளை மடிப்பு மாதிரி கோடுகள் தெரியும். அது பவளக்கல். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு, வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு, வீடு கட்டக் காரை எல்லாம் இந்தக் கல்லிலிருந்தும் சிப்பியிலிருந்தும் வந்தவை. ஊருக்கு ஒன்றிரண்டு காளவாசல். தேவைக்கு எடுத்தார்கள். அதைக் கடல் தாங்கிக்கொண்டது.

வெளி உலகத்துக்கும் நம் பார் புதிதல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1880களிலேயே ராமேஸ்வரம் வந்து இங்குள்ள கடல் உயிர்களைப் பதிவு செய்தார். புவியியல் அறிஞர் புரூஸ் ஃபுட், ராமேஸ்வரம் தீவில் கடல் மட்டத்துக்கு மேலே தூக்கி நிற்கும் பழைய பவளப்பாறையைப் பற்றி எழுதினார். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949இல் மண்டபத்துக்கு வந்தது. அதன் தலைமையகம் கொச்சிக்குப் போகும் வரை ஏறத்தாழ இருபது வருடம் இந்தியக் கடல் ஆராய்ச்சிக்கு மண்டபம்தான் தலைநகரம்.

1969 ஜனவரியில் மண்டபம் கேம்ப்பில் பவளப்பாறைகளைப் பற்றி ஒரு சர்வதேசக் கருத்தரங்கு நடந்தது. உலகம் முழுக்கப் பவளப்பாறை விஞ்ஞானிகள் சில வருடங்களுக்கு ஒருமுறை கூடும் மாநாட்டு வரிசையில் இதைத்தான் முதலாவது என்று கணக்கு வைக்கிறார்கள். நம் மண்டபத்தில்! இது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தக் கருத்தரங்கு நடந்த அதே காலத்தில்தான் நம் கடலில் கல் வெட்டும் தொழில் உச்சத்தில் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு தொழிற்சாலைகள் வந்தன. அவற்றுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். சிமெண்டுக்கு வேண்டும். சுண்ணாம்புத் தூளுக்கு வேண்டும். கால்சியம் கார்பைடுக்கு வேண்டும். கார்பைடு என்றால் மாம்பழம் பழுக்க வைக்கும் கல் என்றுதான் நமக்குத் தெரியும். வெல்டிங் பட்டறையில் எரியும் வாயுவும் அதிலிருந்து வருவதுதான். சுண்ணாம்பையும் கோக் நிலக்கரியையும் மின்உலையில் ஏறத்தாழ 2,000 டிகிரி வெப்பத்தில் காய்ச்சினால் கார்பைடு. அதற்குச் சுத்தமான சுண்ணாம்பு வேண்டும். மலைக்கல்லில் மண்ணும் மணலும் கலந்திருக்கும். பவளக்கல்லில் அந்தக் கலப்பு குறைவு. வெடி வைக்க வேண்டாம், ஆழத் தோண்ட வேண்டாம். இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் கடப்பாரை போட்டு நெம்பினால் போதும். வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தால் லாரி நிற்கும்.

கடல் கல்லை விட்டால் நாட்டில் வேறு சுண்ணாம்பே இல்லை என்ற நிலையும் இல்லை. பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலேயே, இப்போதைய விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்தில், நிலத்துச் சுண்ணாம்புக்கல்லை நம்பி 1970இல் அரசு சிமெண்ட் ஆலை தொடங்கியது. கடல் கல்லில் செலவு குறைவு, அவ்வளவுதான்.

என் சின்ன வயதில் கரையோரம் அந்தக் கல் மலைபோல் குவிந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் உப்புக் குவியல் மாதிரி வெள்ளை. பக்கத்தில் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். உயிரோடு வெட்டி எடுத்த பவளம் வெயிலில் காயும்போது அழுகிய நாற்றம் அடிக்கும். கல் எடுக்கப் போனவர்களின் கால்களில் ஆறாத கீறல்கள் இருக்கும். பவளம் கிழித்த புண் சீக்கிரம் ஆறாது. என் வகுப்பிலேயே சில பையன்கள் பெருநீர் வடிந்த நாட்களில் பள்ளிக்கு வராமல் அப்பாவோடு போய்விடுவார்கள். மறுநாள் வரும்போது பாதத்தில் துணி சுற்றியிருக்கும். "ஏண்டா வரல?" என்று கேட்பார் எங்கள் வாத்தியார். "கல்லுக்குப் போனேன் சார்." அதற்கு மேல் அவரும் கேட்கமாட்டார்.

அவர்களைக் குறை சொல்லவே முடியாது. நம் மாவட்டத்தின் கதை தெரியும்தானே. வானம் பார்த்த பூமி. ஒரு போகம் நெல், மிளகாய், பனை, கரிமூட்டம். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. கடலில் காற்று அடித்தால் மீனும் இல்லை. கல் எடுத்தால் அன்றைக்குக் கூலி உண்டு. அன்று அது குற்றமும் இல்லை.

எவ்வளவு எடுத்தார்கள்? மண்டபம் நிலையத்தில் பவளங்களை ஆராய்ந்த விஞ்ஞானி சி.எஸ்.கோபிநாத பிள்ளை 1973இல் ஒரு கணக்கு கொடுத்தார். மண்டபம் பகுதியில் மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 250 கன மீட்டர் பவளக்கல் வெளியே போகிறது என்றார். இதை நமக்குப் புரியும்படி மாற்றிப் பார்ப்போம். 250 கன மீட்டர் என்றால் ஏறத்தாழ 8,800 கன அடி. இரண்டு யூனிட், அதாவது 200 கன அடி, ஏற்றும் லாரி என்று வைத்துக்கொண்டால் தினமும் 44 லாரி. வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும் பொருளிலிருந்து தினமும் 44 லாரி!

வங்கியில் வட்டி மட்டும் எடுத்துச் செலவு செய்தால் முதல் அப்படியே இருக்கும். நம் முன்னோர் காளவாசலுக்கு எடுத்தது ஏறக்குறைய வட்டிக்குள் இருந்தது. 1960களுக்குப் பிறகு எடுத்தது முதல். கினியிலும் இதுதான் நடக்கிறது. பாக்சைட்டுக்கு வட்டியே கிடையாது, எடுத்தால் எடுத்ததுதான்.

பணம் எங்கே போனது? கல் எடுத்தவருக்கு அன்றாடக் கூலி. குத்தகைக்காரருக்கும் லாரிக்காரருக்கும் அதற்கு மேல். ஆலைக்கு மலிவான மூலப்பொருள். முப்பது நாற்பது வருடம் இந்தத் தொழில் நடந்த கரையில் அந்தப் பணத்தால் வந்தது என்று காட்ட ஒரு பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ என் கண்ணில் பட்டதில்லை. கல் எடுத்த குடும்பங்களில் வசதியாக ஆனவர் என்று ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ஆனால் கடல் ஒரு கணக்கு எழுதிக்கொண்டிருந்தது.

பார் என்பது வெறும் கல் இல்லை. ஆழ்கடலிலிருந்து வரும் அலை முதலில் பாரில் மோதி உடைகிறது. உடைந்து வலுவிழந்த அலைதான் தீவைத் தொடுகிறது. தீவுகளோ மணலும் பவளச் சல்லியும் சேர்ந்து உருவான மேடுகள். பாரை எடுத்துவிட்டால் அலை நேராகத் தீவில் விழும். மணல் கரையும். இரண்டு தீவுகள் அப்படித்தான் கடலுக்கு அடியில் போயின. ஒன்று கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி. மற்றது தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லி. பாடப்புத்தகத்தில் 21 என்று படிக்கிறோம், கண்ணுக்குத் தெரிவது 19. கடல் மட்டம் உயர்வதும் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பார் வெட்டியதை முக்கியக் காரணம் என்று சொல்லாதவர் இல்லை. வளைகுடாவில் இருந்த சுமார் 110 சதுர கிலோமீட்டர் பவளப்பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் ஏற்கெனவே சீரழிந்துவிட்டது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

மீனும் குறைந்தது. பாரின் பொந்துகளில்தான் குஞ்சு மீன் வளரும், இறால் ஒளியும். பாரை விற்றவர்கள் தங்கள் வலைக்கு வரவேண்டிய மீனின் வீட்டையும் சேர்த்து விற்றுவிட்டார்கள். அதற்கு யாரும் விலை போடவில்லை.

சட்டம் மெதுவாக வந்தது. 1986இல் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் சேர்ந்து 560 சதுர கிலோமீட்டர் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. அறிவிப்பு வந்தும் கல் எடுப்பது நிற்கவில்லை. 2001இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி, யானை இருக்கும் அட்டவணை. அதன்பின் படிப்படியாகக் குறைந்து 2005 வாக்கில்தான் நின்றது. நேற்று வரை கூலி வேலையாக இருந்தது மறுநாள் சிறைக்குப் போகும் குற்றமானது. லாபம் பார்த்தவர்கள் வேறு தொழிலுக்குப் போனார்கள். கடப்பாரை பிடித்தவர்கள் மாற்று வேலை தேடி அலைந்தார்கள். தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்த நம் பெண்களும் அந்தக் கட்டுப்பாடுகளுக்குள் மாட்டிக்கொண்டார்கள். பாரை வெட்டி விற்றதில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை.

பாரின் உண்மையான விலை என்ன என்பது 2004 டிசம்பர் 26 அன்று நமக்கு எதிர்க்கரையில் தெரிந்தது. இலங்கையின் தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவ என்று ஓர் ஊர். சுற்றுலாப் பயணிகள் பார்க்க வரும் பவளப்பாறை அங்கே பாதுகாப்பாக இருந்தது. அதற்குச் சில கிலோமீட்டர் தள்ளி பெரலிய. அங்கே பவளத்தைத் திருட்டுத்தனமாக வெட்டி எடுத்திருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு அங்கே அளந்து பார்த்த ஆய்வாளர்கள் 2005இல் எழுதியது இது. ஹிக்கடுவயில் தண்ணீர் கரையிலிருந்து 50 மீட்டர் அளவில் நின்றுவிட்டது. பெரலியவில் ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே போனது. அங்கே நின்ற ரயிலை அலை புரட்டிப் போட்டது. அந்த ஒரு ரயிலில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடலடித் தரையின் அமைப்பு முதலிய பல காரணங்கள் அலையின் உயரத்தைத் தீர்மானிக்கும் என்பது உண்மைதான். என்றாலும் பாரில் வெட்டிய இடைவெளி வழியாகத் தண்ணீர் வேகம் கூடி நுழைந்தது என்பதை அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள்.

1964 புயலில் தனுஷ்கோடியை இழந்தவர்கள் நாம். அலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஏதாவது ஒன்று இருப்பதன் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு 1986இல் 16 ஹெக்டேர் இருந்தது. 2014 வாக்கில் ஏறத்தாழ 2 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. அதுவும் மூழ்கிவிடும் என்று பயந்து 2015 முதல் அரசு அதன் முன்னால் சிமெண்ட் கான்கிரீட்டில் செய்த செயற்கைப் பார்களைக் கடலில் இறக்கியது. பத்தாயிரத்துக்கும் மேல். பலனும் தெரிகிறது, தீவு கரைவது குறைந்து மணல் சேர்கிறது, மீன் கூடுகிறது. செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். சிமெண்டுக்கும் சுண்ணாம்புக்கும் என்று கடல் கல்லை மலிவு விலைக்குக் கொடுத்தோம். இப்போது அதே கடலில், அதே இடத்தைக் காக்க, மக்கள் வரிப்பணத்தில் சிமெண்டைக் கொண்டுபோய்ப் போடுகிறோம். அன்று வந்த லாபத்தையும் இன்று ஆகும் செலவையும் ஒரே தாளில் எழுதினால் அந்தத் தொழில் லாபமா நஷ்டமா?

பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள் என்று சிலர் கேட்கலாம். இது பழைய கதை இல்லை. நம் மாவட்டத்தின் மண்ணுக்கடியில் எரிவாயு இருக்கிறது. வழுதூரில் அதை வைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். 2025இல் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்டச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்த செய்தி வந்தது, விவசாயிகளும் மீனவர்களும் எதிர்த்தார்கள், அனுமதிக்க மாட்டோம் என்று மாநில அரசு சொன்னது. நாளை வேறு ஏதாவது வரும். எதையுமே எடுக்கக் கூடாது என்று சொல்பவன் அல்ல நான். என் வீட்டிலும் சிமெண்ட் இருக்கிறது, கேஸ் அடுப்பு இருக்கிறது, அலுமினியச் சட்டி இருக்கிறது. ஆனால் எடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எடுத்தது திரும்ப வளருமா? அது இருக்கும் இடத்தில் இருந்தபடியே நமக்கு என்ன செய்துகொண்டிருந்தது? எடுத்தவர்கள் போன பிறகு அங்கேயே வாழப்போவது யார், அவர்களுக்கு என்ன மிஞ்சும்? 1960களில் நம் கரையில் இந்த மூன்றில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை.

நேற்று அந்தப் பையனைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "தாத்தா கால்ல எப்பவும் ஒரு தழும்பு இருக்கும் சார். கடல்ல மீன் குத்துனதுன்னு நெனச்சேன்" என்றான்.

வேலைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள், வீட்டுக்கடன் இருக்கிறது. போவான். "போற ஊர்ல சுரங்கத்துப் பக்கத்துல இருக்கிற ஜனங்களோட பேசிப் பழகு. அவங்க வீட்ல லைட் எரியுதான்னு பாரு. லீவுல வரும்போது எனக்கு வந்து சொல்லு" என்று மட்டும் சொன்னேன். சரி என்றிருக்கிறான்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ பவளக்கல் வைத்துக் கட்டிய பழைய சுவர் இருந்தால் இடிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். உங்கள் குடும்பத்தில் கல்லுக்குப் போன பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். எழுபது எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களும் போய்விட்டால் இந்தச் சுரங்கம் இருந்ததைச் சொல்ல ஆள் இருக்காது.

அன்புடன்,
உங்கள் பழைய பூகோள வாத்தியார்